காட்பாடி மாடியில் ஒரு வர்ஜீனியா வகுப்பு: 1,200 ரூபாய் கொடுக்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்கலாம். அமெரிக்க அடிமை முறை பற்றிய இந்த ஆறு வகுப்பில் மூன்றுக்காகவே கொடுக்கலாம், ஒன்று பரவாயில்லை ரகம், மீதி இரண்டு வீண். எது எது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே தலைப்பை அடுத்த பேட்ச்சிலும் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இடம் காட்பாடி காந்தி நகர் பக்கம், ஒரு டியூஷன் சென்டரின் மேல்மாடி. கல்லூரியில் வரலாறு நடத்தி ரிட்டையர் ஆன சார் ஒருவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரை வரை எடுக்கிறார். போன முறை பிரெஞ்சுப் புரட்சி, இந்த முறை அமெரிக்கக் காலனிகளில் அடிமை முறை எப்படி வந்தது என்பது. ஃபீஸ் 1,200, மாணவர்களுக்கு 700, ஸ்பைரல் போட்ட நோட்ஸ் அதிலேயே அடக்கம். பெயர் போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மீதி எங்களை மாதிரி சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர்கள்: நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார், ஒரு நர்ஸம்மா நைட் டூட்டி முடித்து நேராக வந்து உட்காருவார்.

முதல் வகுப்பு கொலம்பஸ். வாஸ்கோடகாமா, மிளகு, திசைகாட்டி, எல்லாம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதுதான். இரண்டரை மணி நேரம். ப்ரொஜெக்டரில் ஒரு உலக வரைபடம், அதில் எழுத்து எறும்பு சைஸ். பக்கத்தில் இருந்த பையன் தூங்கியே விட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வகுப்பில்தான் மனிதர் விழித்துக்கொண்டார். ஒரு காய்ந்த புகையிலைக் கட்டையும், குடியாத்தம் பீடிக்கட்டு ஒன்றையும் கொண்டுவந்து மேஜை மேல் போட்டார். இலையை ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து, நரம்பைக் கிழித்துப் பாருங்கள் என்றார். அறை முழுக்க அந்த நெடி. அப்புறம் இந்த இலைக்கு வருஷத்தில் எத்தனை வேலை என்று வரிசையாகச் சொன்னார். நாற்றங்கால் விட்டு, மே மாதம் பிடுங்கி நட்டு, களை எடுத்து, கொழுந்து கிள்ளி, பக்கக் கிளையை ஒடித்து, இலைக்கு இலை புழு பொறுக்கி, அறுத்து, கொட்டகையில் தொங்கவிட்டு, பதம் பார்த்து உருவி, பீப்பாயில் அமுக்கி அடைக்க வேண்டும். வருஷம் பூராவும் குனிந்தே செய்கிற வேலை. குடியாத்தம் டீச்சர் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: "என் கிளாஸ் பிள்ளைங்க சிலதோட விரலைப் பார்த்தாலே பீடி சுத்துற வீடுன்னு தெரியும், சார். அப்பா வாங்கின அட்வான்ஸுக்குப் பிள்ளை உட்காரும்." கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது, அதற்கப்புறமும் நடந்த கதைதான் அது. சார் அதைப் பிடித்துக்கொண்டு, கடனுக்கு உட்காருவதற்கும் பிறந்த உடனே ஒருத்தனுக்குச் சொந்தமாவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, பதிலை நாலாவது வகுப்பில் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டார்.

இனி விஷயம். ஆங்கிலேயர்கள் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை அமைத்தது 1607ல். தங்கம் கிடைக்கும் என்று போனவர்கள், 1609-10 குளிர்காலத்தில் சோறில்லாமல் செத்தார்கள். ஜான் ரால்ஃப் என்பவர் 1612 வாக்கில் கரீபியன் பக்கத்து விதையை வாங்கிப் போட்டுப் பார்த்ததில் புகையிலை பிடித்துக்கொண்டது. 1617ல் 20,000 பவுண்டு கப்பலேறியது, பத்தே வருஷத்தில் 5 லட்சம் பவுண்டு. நிலம் இருக்கிறது (பூர்வகுடிகளுடையது, பிடுங்கிக்கொண்டது), விலை போகும் பயிர் இருக்கிறது, குனிய ஆள் இல்லை. அதற்கு, காலனியை நடத்திய வர்ஜீனியா கம்பெனி ஒரு திட்டம் போட்டது: ஒரு ஆளைக் கப்பல் செலவு கொடுத்துக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். ஆள் கொண்டுவருகிறவனுக்கு ஏக்கர், வருகிற ஆளுக்கு நாலு முதல் ஏழு வருஷ ஒப்பந்தம். இங்கிலாந்திலிருந்து வேலையில்லாத இளவட்டங்கள் ஆயிரக்கணக்கில் இப்படிப் போனார்கள். அவர்களை அடித்தார்கள், ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு விற்றார்கள், ஓடிப்போனால் வருஷத்தைக் கூட்டினார்கள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஏராளமானவர்கள் ஒப்பந்தம் முடியும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாருமே வெள்ளைக்காரர்கள். இதை நான் இவ்வளவு விவரமாக முன்னால் கேட்டதில்லை.

1619 ஆகஸ்ட் கடைசியில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் நங்கூரம் போட்டது. அதில் 20க்கும் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள். அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவின் வேராகுரூஸுக்குப் போய்க்கொண்டிருந்த போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலை வழிமறித்துக் கொள்ளையடித்ததில் கிடைத்தவர்கள். உணவுப் பொருளுக்குப் பதிலாக அவர்களைக் கொடுத்தார்கள். இவர்கள் அடிமைகளா, ஒப்பந்தக் கூலிகளா என்று வகுப்பில் ஒரு சண்டையே நடந்தது. சாரின் பதில் எனக்குப் பிடித்தது. அவர்களைப் பிடித்தவனும் விற்றவனும் வாங்கியவனும் அடிமையாகத்தான் பார்த்தான், ஆனால் அடிமை என்றால் என்ன என்று சொல்கிற சட்டம் அன்றைக்கு வர்ஜீனியாவில் இல்லை. அந்த இடைவெளியில் சிலர் விடுதலை ஆனார்கள், நிலம் வாங்கினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். பலர் சாகும்வரை விடுபடவே இல்லை.

மூன்றாவது வகுப்பு. இதை எப்படியாவது தவறவிடாதீர்கள். சார் உள்ளே வந்ததும் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். 1640, வர்ஜீனியா. ஒரே முதலாளியிடம் வேலை செய்த மூன்று பேர் பக்கத்துக் காலனியான மேரிலாந்துக்கு ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். மூன்று பேரும் ஒரே குற்றம், ஒரே நாள். நீங்கதான் நீதிபதி, தண்டனையை எழுதுங்கள் என்றார். அந்தத் தாளில் பெயர் மட்டும்தான் இருந்தது, யார் எந்த நாடு என்பது இல்லை. எல்லாரும் மூன்று பேருக்கும் ஒரே தண்டனைதான் எழுதினோம். வேறெப்படி எழுதுவது. அப்புறம் அடுத்த தாள். மூன்று பேருக்கும் 30 கசையடி. டச்சுக்காரன் விக்டருக்கும் ஸ்காட்லாந்துக்காரன் ஜேம்ஸ் கிரிகோரிக்கும் முதலாளியிடம் ஒரு வருஷம் கூடுதல், அதற்கப்புறம் காலனிக்கு மூன்று வருஷ வேலை. மூன்றாவது ஆள் ஜான் பஞ்ச், ஆயுள் முழுக்க முதலாளிக்கு. அந்தத் தீர்ப்பில் அவனுக்கென்று தனியாக ஒரு குற்றம் எழுதவில்லை, நீக்ரோ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான், வழக்கமாக விடாமல் பேசுகிற குரூப் 2 பையன்கூடத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இதுதான் சார் ஆரம்பமா?" என்று கடைசியில் அவன்தான் கேட்டான். "எக்ஸாமுக்கு எழுதணும்னா 1619னு எழுதுப்பா" என்றார் சார், எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அதே வகுப்பில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. யாரோ ஒருத்தர் வாட்ஸப்பில் வந்ததை நீட்டினார். அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளியே ஒரு கறுப்பர்தானாம், பின்னே வெள்ளைக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் என்கிற ரகம். இதை நானும் பார்த்திருக்கிறேன். சார் கோபப்படவில்லை. அந்த மனிதர் கதையை முழுசாகச் சொன்னார். அந்தோனியோ என்ற பெயரில் 1621ல் வந்து இறங்கியவர், பின்னால் ஆன்டனி ஜான்சன். கல்யாணம் செய்துகொண்டார், விடுதலை ஆனார், 1651ல் அவர் பெயரில் 250 ஏக்கர். ஜான் கேசர் என்ற கறுப்பரை வேலைக்கு வைத்திருந்தார், அவர் என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கிளம்பப் பார்க்க, 1655ல் கோர்ட் கேசர் ஆயுள் முழுக்க ஜான்சனுக்கே என்று தீர்த்தது. இவ்வளவும் உண்மை, வாட்ஸப்பில் வருவதும் இவ்வளவுதான். ஆனால் 15 வருஷம் முன்னாலேயே ஜான் பஞ்ச்சை ஒரு வெள்ளை முதலாளிக்கு ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று, அந்தத் தாள் எங்கள் கையிலேயே இருந்தது. கதைக்கு மிச்சமும் இருக்கிறது. ஜான்சன் குடும்பத்தோடு மேரிலாந்துக்குப் போய் 1670ல் இறந்துபோனார். அதே வருஷம் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி, அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர் என்று சொல்லி, அவர் விட்டுப்போன நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1655ல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர், 15 வருஷத்தில் அந்த ஊருக்கே அந்நியர் ஆகிவிட்டார். அவர் பேரன் 1677ல் மேரிலாந்தில் வாங்கிய 44 ஏக்கர் பண்ணைக்கு வைத்த பெயர் 'அங்கோலா'. வாட்ஸப்காரர் அந்த மெசேஜை அங்கேயே அழித்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலாவது வகுப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, என் தொழிலும் ஒரு காரணமாக இருக்கலாம். போர்டில் இரண்டு பத்தி போட்டார், வரவு செலவு மாதிரி: இந்தச் சட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம். வருஷ வாரியாக ஒவ்வொரு சட்டத்தையும் சொல்லி, பத்தியை எங்களையே நிரப்பச் சொன்னார்.

1656ல் எலிசபெத் கீ என்ற பெண் கோர்ட்டுக்குப் போகிறாள். அம்மா ஆப்பிரிக்க அடிமை, அப்பா ஆங்கிலேயர், அதுவும் காலனியின் சட்டசபையில் இருந்தவர். அன்றைய ஆங்கில வழக்கப்படி பிள்ளைக்கு அப்பா வழிதான். நான் ஆங்கிலேயன் பிள்ளை, ஞானஸ்நானம் வாங்கியவள், என்னை விடுங்கள் என்று வாதாடி ஜெயித்தாள். ஆறு வருஷம் கழித்து, 1662ல், சட்டசபை உட்கார்ந்து எழுதுகிறது: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. பத்தியை நிரப்புங்கள் என்றார் சார். யாரும் வாய் திறக்கவில்லை. நர்ஸம்மாதான் மெதுவாகச் சொன்னார், "முதலாளி அடிமைப் பொம்பளைகிட்ட பிள்ளை பெத்தா, முன்னாடி அது அவனுக்குச் செலவு. இப்ப வரவு." அப்படியே லாபப் பத்தியில் எழுதிவிட்டார் சார். இந்த ஒரு வரிக்கு எத்தனை தலைமுறை விலை கொடுத்தது என்பதை யோசித்தால் வயிறு கலங்கும்.

1667ல் ஞானஸ்நானம் வாங்கினாலும் விடுதலை கிடையாது என்று ஒரு சட்டம், அந்த வாசலும் மூடியது. 1669ல் அடிமை தண்டனையின்போது செத்துப்போனால் முதலாளி மேல் கொலைக்குற்றம் வராது, காரணம் என்னவென்றால் எவனாவது தன் சொத்தைத் தானே வேண்டுமென்றே அழித்துக்கொள்வானா, அதனால் கெட்ட எண்ணம் இருந்திருக்க முடியாதாம். இதை எழுதியவர்கள் பெரும்பாலும் தோட்ட முதலாளிகள், சட்டசபையே அவர்களுடையதுதான்.

1676ல் நத்தானியேல் பேக்கன் கலகம். இதைப் பல இடங்களில் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகச் சேர்ந்த புரட்சி என்று ஆகா ஓகோ என்று எழுதுகிறார்கள். சார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பேக்கனே ஒரு பணக்காரத் தோட்ட முதலாளி, கவர்னர் பெர்க்லியோடு அவனுக்கு வந்த சண்டை பூர்வகுடிகளை அடித்து நிலம் பிடிக்க விடவில்லை என்பதில்தான் முற்றியது. ஆனாலும் ஒப்பந்தம் முடிந்து நிலமில்லாமல் துப்பாக்கியோடு அலைந்த வெள்ளைக்காரர்களும் அடிமைகளும் அவன் பக்கம் சேர்ந்தது உண்மை. ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். பேக்கன் அந்த அக்டோபரிலேயே சீதபேதியில் செத்துப்போனான். கடைசிவரை ஆயுதத்தைக் கீழே வைக்காத ஒரு கூட்டத்தில் சுமார் 80 கறுப்பர்களும் 20 ஆங்கிலேய வேலையாட்களும் இருந்தார்கள். இந்த நூறு பேர்தான் முதலாளிகளுக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும்.

ஆனால் கலகத்துக்குப் பயந்துதான் கறுப்பர் அடிமை முறைக்கு மாறினார்கள் என்று மட்டும் சொன்னால் அது அரைக்கதை. இங்கிலாந்திலிருந்து வருகிற ஆள் குறைந்துபோனது, அங்கே கூலி ஏறியது. வந்தவர்களும் முன்புபோல இரண்டு வருஷத்தில் சாகவில்லை, அப்படியானால் ஏழு வருஷ ஆளுக்குப் பணம் போடுவதைவிட ஆயுள் ஆளுக்குப் போடுவது லாபம், அதிலும் பிள்ளைகள் சேர்த்து. 1698ல் அடிமை வியாபாரத்தில் இங்கிலாந்தின் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் போனதும் எவன் வேண்டுமானாலும் கப்பல் விடலாம் என்றாகி, வரத்து கூடிவிட்டது. இந்தக் கணக்கைப் போர்டில் போட்டபோது எனக்கு உடனே பிடிபட்டது, ஆயுட்காலம், முதலீடு, தேய்மானம், நான் தினம் போடுகிற கணக்கு. பிடிபட்ட வேகமே எனக்குக் கூச்சமாக இருந்தது.

1691ல் வெள்ளையர் கறுப்பரையோ பூர்வகுடியையோ கல்யாணம் செய்தால் காலனியை விட்டு நாடுகடத்தல். அதே சட்டத்தில், அடிமையை விடுதலை செய்கிற முதலாளி ஆறு மாதத்துக்குள் தன் செலவில் அவனைக் காலனிக்கு வெளியே அனுப்ப வேண்டும். அதாவது சுதந்திரமான கறுப்பர் என்ற ஆளே ஊரில் பெருகக் கூடாது.

அப்புறம் 1705. ஒரே சட்டம், அதற்குள்ளேயே இரண்டு கை. ஒப்பந்தம் முடிகிற வெள்ளை வேலைக்காரனுக்கு முதலாளி 10 புஷெல் சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும். வெள்ளைக் கிறிஸ்தவ வேலையாளை நீதிபதி உத்தரவில்லாமல் நிர்வாணமாக்கி அடிக்கக் கூடாது. அடிமைகள் வைத்திருக்கும் குதிரை, மாடு, பன்றியைப் பறித்து விற்று, அந்தப் பணத்தைத் திருச்சபை வட்டத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அடிமையோ சுதந்திரமானவரோ, கறுப்பர் யாரும் வெள்ளைக் கிறிஸ்தவர் மேல் கை ஓங்கினால் 30 கசையடி. போர்டில் இரண்டு பத்தியும் நிரம்பியபோது பார்த்தால், தோட்ட முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தது கொஞ்சம் சோளமும் துப்பாக்கியும்தான், மற்றதெல்லாம் அடிமையின் மாடு விற்ற காசு. ஆனால் ஏழை வெள்ளைக்காரன் கை இப்போது முதலாளி பக்கம். 1723ல் சுதந்திரமான கறுப்பரின் ஓட்டும் போனது.

குடியாத்தம் டீச்சர் பேச்சை வைத்து இரண்டாவது வகுப்பில் சார் கேட்டுவைத்த கேள்விக்கு இங்கேதான் பதில் வந்தது. அட்வான்ஸுக்கு உட்கார்ந்த பிள்ளையை மீட்கச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியும், கலெக்டர் கேட்கிறாரோ இல்லையோ, வர்ஜீனியாவில் சட்டமே அடிமை வைத்திருக்கிறவன் கையில் இருந்தது என்றார் சார். டீச்சர் அதற்குத் தலையாட்டினார், முழுசாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இவ்வளவு நல்ல வகுப்புக்கு அடுத்து ஐந்தாவது ஏன் அப்படிப் போனது என்று தெரியவில்லை. மாசசூசெட்ஸ், நியூயார்க், கரோலினா, ஜார்ஜியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். பாதி நேரம் குரூப் தேர்வுக்கான கொஸ்டின் பேப்பர் டிஸ்கஷன், அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்ளலாமே. அடிமை முறையைச் சட்டத்தில் முதலில் எழுதிவைத்தது தெற்கு இல்லை, 1641ல் மாசசூசெட்ஸ். பீக்வாட் என்ற பூர்வகுடி இனத்தோடு நடந்த போரில் பிடிபட்டவர்களைக் கப்பலேற்றிக் கரீபியனில் விற்றுவிட்டு, 1638ல் அதே 'டிசையர்' கப்பலில் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தவர்கள் மாசசூசெட்ஸின் பியூரிட்டன் என்ற கறார் கிறிஸ்தவப் பக்திமான்கள். இது நோட்ஸில் இரண்டு வரி. பூர்வகுடிகள் அடிமையானதைப் பற்றி மொத்தமே ஒரு பக்கம் தேறாது. பார்படோஸ் தீவில் 1661ல் எழுதிய அடிமைச் சட்டம் அங்கிருந்து போன முதலாளிகளோடு கரோலினாவுக்குப் போனது, அங்கே நெல் விளைந்தது, மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் பயிரிட்டுப் பழகியவர்களும் அந்த வயலில் நின்றார்கள், 1708லேயே தென் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர் அதிகம். நெல் என்றாலே காது கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், இதை விரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்.

இன்னொரு குறை. நர்ஸம்மா நியூயார்க் டச்சுக்காரர்களைப் பற்றிக் கேட்டார். காரணம் இருக்கிறது: 1853ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்க டச்சுச் சீர்திருத்தச் சபையின் மிஷன். நம் ஊர்ப் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் ஊரீசு கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. அந்தச் சபை, காலனிக் காலத்தில் நியூயார்க், நியூஜெர்சியில் குடியேறிய டச்சுக்காரர்களின் சபை. அங்கே அடிமைகள் 1620களிலிருந்தே இருந்தார்கள், 1644ல் 11 பேருக்கு 'அரை விடுதலை' கொடுத்தார்கள்: நீ வருஷா வருஷம் வரி கட்டிவிட்டு வெளியே இருக்கலாம், உன் பிள்ளைகள் டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கே அடிமை. வேலூரில் உட்கார்ந்து இதைக் கேட்பதைவிடப் பொருத்தமான கேள்வி உண்டா? "அது சிலபஸ்ல இல்லம்மா" என்று போய்விட்டார். இந்தப் படிப்புக்கு ஏது சார் சிலபஸ்?

ஆறாவது வகுப்பு நம் பக்கத்துத் தொடர்பு. பாதி பிரமாதம், பாதி அவசரம். 1635ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனியா முதலாளி தலைக்கு 50 ஏக்கர் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'கிழக்கிந்தியன் டோனி' என்று ஒருவர் இருக்கிறார். பெயருக்குப் பின்னால் ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை, கிழக்கிந்தியன், அவ்வளவுதான். ஜேம்ஸ்டவுன் அமைந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை, நம் பக்கத்து ஆள் ஒருவர் ஏதோ ஒரு கப்பலில் அங்கே இறங்கியிருக்கிறார், அவர் தலைக்கும் 50 ஏக்கர். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை மதராஸ் கோட்டை கவர்னர், அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். 1718ல் அவர் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு அனுப்பிய சரக்கு மூட்டைகளும் புத்தகங்களும்தான் இன்றைய யேல் பல்கலைக்கழகத்தின் பெயர். சோழமண்டலக் கரையில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவில் ஆள் வாங்கும் விலையாகப் போனது என்பதையும் சொன்னார், ஒரே வரியில். அதை ஒரு வகுப்பாகவே எடுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைப் பற்றிச் சொன்னதுதான் இதில் உருப்படி. பிரிட்டன் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் நின்றது. அடுத்த ஐம்பது வருஷம் அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் நிறைய. ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் 10 ஷில்லிங். வர்ஜீனியா ஒப்பந்தத்தையும் இதையும் ஒரே தாளில் எதிரெதிராக அச்சடித்துக் கொடுத்திருந்தார். எனக்குப் பட்டது, சார் சொல்லாதது: 1691ல் விடுதலையான கறுப்பரை ஆறு மாதத்தில் ஊரைவிட்டு அனுப்பு என்றார்கள், 1895ல் நேட்டாலில் ஒப்பந்தம் முடித்த நம் ஆட்கள் மறுபடி ஒப்பந்தம் போடாமலும் ஊர் திரும்பாமலும் இருந்தால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி என்றார்கள். இரண்டு இடத்திலும் வேலை வாங்குவதில் பிரச்சினை இல்லை, வேலை முடிந்தவன் பக்கத்து வீட்டுக்காரனாக உட்காருவதில்தான் பிரச்சினை.

அப்புறம் கடைசிப் பத்து நிமிஷத்தில் "இது அப்படியே நம்ம சாதி மாதிரிதான்" என்று முடித்துவிட்டார். குடியாத்தம் டீச்சர் விடவில்லை. "அங்க எந்த வருஷம் எவன் எழுதினான்னு நீங்களே நாலு வாரமா காட்டினீங்க. இங்க அப்படித் தேதி காட்டுங்க சார், ஒத்துக்கறேன்." நான் டீச்சர் கட்சி. பிறப்பை வைத்துக் கட்டுவது, கல்யாணத்தைக் காவல் காப்பது, இவையெல்லாம் ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் நாற்பது ஐம்பது வருஷத்தில் கண்ணெதிரே கட்டி எழுப்பிய ஒன்றையும், எப்போது கட்டியது என்று யாரும் பார்க்காத ஒன்றையும் போகிற போக்கில் ஒட்டிவிடக் கூடாது. ஆறு வகுப்பு எடுக்கிறவர் இதற்கு ஏழாவது ஒன்று வைக்கலாம்.

மற்றவை. நோட்ஸ் தமிழ் நன்றாக இருக்கிறது, ஆனால் அச்சுப்பிழை தாங்கவில்லை, ஓர் இடத்தில் 1619க்குப் பதில் 1916 என்று இருக்கிறது, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அப்படியே எழுதிவைத்தால் என்ன ஆவது. அட்லாண்டிக் முழுக்கக் கப்பலேற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களில் வட அமெரிக்காவுக்கு நேரடியாக வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம்தான், இது ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கிறது, முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. மைக் கரகரவென்கிறது, முன் இரண்டு வரிசையில் இடம் பிடியுங்கள். ரெக்கார்டிங் வாட்ஸப் குரூப்பில் வரும், ஃபேன் சத்தம் தெளிவாகக் கேட்கும், சார் குரல் கேட்காது. லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி செங்குத்து. இடைவேளை டீ நன்றாக இருக்கும், அதற்குத் தனிக் காசு. பைக் நிறுத்த ஞாயிற்றுக்கிழமை தொந்தரவில்லை.

சேருவதாக இருந்தால் இரண்டாவது வாரத்திலிருந்து போனால் போதும். முதல் வகுப்புக்கு வராவிட்டால் ஃபீஸ் குறைப்பீர்களா என்று ஆபீஸில் கேட்டேன், கொலம்பஸும் சேர்த்துத்தான் 1,200 என்றார்கள்.